ரெண்டு இஞ்சு

"ஆள் தேற மாட்டார். எழுதி வச்சுக்கோங்க" என்றார் சமையல் காண்ட்ராக்டர்.

தையல்கடை டி.வி.யில் போன் கம்பெனி முதலாளி மேடையில் நின்றுகொண்டிருந்தார். ஒரு கையில் புதுப் போன். இன்னொரு கை பேன்ட்டின் இடுப்பை இறுக்கிப் பிடித்திருந்தது. மூணு நாளாக எந்தச் சேனலைத் திருப்பினாலும் இதே காட்சிதான்.

"அந்த இடது கையைக் கவனிங்க" என்றார் டி.வி.யில் ஒரு டாக்டர். "வயிற்றை அழுத்திப் பிடிச்சிருக்கார். ஈரலா இருக்கலாம். இரைப்பையாவும் இருக்கலாம்."

"பேன்ட் எப்படித் தொளதொளன்னு ஆடுது பாருங்க" என்று உச்சுக்கொட்டினார் கடைக்காரர். "நம்ம கஸ்டமர். போன மாசம்கூட நல்லாத்தான் இருந்தார்."

"என்ன வியாதின்னு வாயைத் திறந்து சொன்னா என்னவாம்? நிருபர்கள் கேட்டா சிரிச்சிட்டுக் கார்ல ஏறிடுறார். கம்பெனி பங்கு படுத்தே போச்சு. அப்பவும் மூச்சு விடலையே! பணக்காரத் திமிர்!" என்றார் காண்ட்ராக்டர்.

மெஷினில் இருந்த காஜா அக்கா தலையை நிமிர்த்தவில்லை. பட்டன் ஓட்டைக்குக் காஜா எடுக்க வந்தவள். ஆறு மாசமாக ஆல்டரேஷனும் அவள் பொறுப்பு. பேர் மட்டும் மாறவில்லை.

"ஏம்மா, நான் பேன்ட் குடுத்த அன்னிக்கு அவர் பேன்ட்டும் வந்துச்சே, நீதானே ஆல்டர் பண்ணினே? இடுப்பு எவ்வளவு இருந்துச்சு?"

"கஸ்டமர் அளவை வெளிய சொல்லக் கூடாதுண்ணே."

"அடேங்கப்பா! பேங்க் லாக்கர் மாதிரி பேசுது. சரி, என் பேன்ட்டையாவது வெளிய எடு. போட்டுப் பாத்துட்டுப் போறேன்."

பேன்ட்டை வாங்கிக்கொண்டு காண்ட்ராக்டர் திரைக்குப் பின்னால் போனார். உள்ளேயிருந்து ஒரு முக்கல் கேட்டது. அப்புறம் ஒரு முனகல். 'டப்' என்று பட்டன் ஒன்று தெறித்து வந்து டி.வி. டாக்டரின் மூக்கில் பட்டு விழுந்தது.

"யோவ் கடைக்காரரே! இடுப்பை ரெண்டு இஞ்சு பெரிசாக்கச் சொன்னா, கால் மடிப்பைப் புதுசா அடிச்சு வச்சிருக்கீங்க! இதை யார்யா கேட்டா?"

காஜா அக்காவுக்குக் கை நின்றுபோனது.

கால் மடிப்பு கேட்டது போன் கம்பெனி முதலாளி.

அன்றைக்கு வந்தது ரெண்டுமே கறுப்பு பேன்ட். 'உங்க பொண்ணு கீழே விழுந்துட்டா' என்று பள்ளிக்கூடத்திலிருந்து போன் வந்த பதற்றத்தில், வேலை எழுதிய சீட்டை மாற்றி ஊக்குக் குத்தியிருக்கிறாள்; பேர் பைமேல் இருந்ததால் பேன்ட் மட்டும் அவரவருக்கே போயிருக்கிறது. சீட்டில் இருப்பதைச் செய்வதுதான் கடை வழக்கம். அளந்து பார்க்கவில்லை. அப்படியானால் காண்ட்ராக்டரின் ரெண்டு இஞ்சு?

மெதுவாக டி.வி. பக்கம் பார்த்தாள். பெல்ட் போடும் பழக்கமே இல்லாத அந்த மனுஷர் இன்னும் இடுப்பைப் பிடித்தபடியே நின்றிருந்தார்.

ஈரலும் இல்லை. இரைப்பையும் இல்லை. அவள் கை வேலை!

"என்னம்மா இது?" என்றார் கடைக்காரர். குரலில் சூடு ஏறியிருந்தது. "இவரோடது மட்டும்தானா? இல்ல, வேற யாரோடதும் மாறிப் போச்சா? அப்படி எதாவது இருந்துச்சு, நாளையிலேருந்து வர வேணாம்."

சும்மா மிரட்டுகிற ஆள் இல்லை அவர். கோட்டில் இஸ்திரிப் பெட்டியை வைத்துச் சுட்டுவிட்ட பெண்ணைப் போன மாசம்தான் வேலையை விட்டே அனுப்பினார். காஜா அக்கா வீட்டிலோ சம்பாதிக்கிறவள் அவள் ஒருத்திதான்.

"சாயங்காலத்துக்குள்ள இவருக்குப் பிரிச்சு விட்டுடுறேண்ணே" என்றாள். மற்றதைக் கேட்காத மாதிரி ஊசியில் நூலைக் கோத்தாள்.

டி.வி.யில் டாக்டர் குரலைத் தாழ்த்தினார். "என் அனுபவத்துல சொல்றேன். ஆறு மாசம் தாண்டினா ஆச்சரியம்தான்."

அவளால் தாங்க முடியவில்லை. குத்துக்கல்லாட்டம் இருக்கிற மனுஷனுக்கு நாள் குறிக்கிறார்களே! போனால் வேலைதானே போகும். நூலை அறுத்துவிட்டு எழுந்தாள்.

"அண்ணே, ஒண்ணு சொல்லணும்..."

அதற்குள் வாசலில் பெரிய கார் வந்து நின்றது. போன் கம்பெனி முதலாளியின் டிரைவர் ஒரு பையோடு இறங்கினார். காண்ட்ராக்டரும் கடைக்காரரும் ஒரே நேரத்தில் வழியை அடைத்தார்கள்.

"ஐயா எப்படி இருக்கார்? எழுந்து நடக்கிறாரா?"

"எதாவது இறங்குதா? நான் வேணா தினம் பத்தியச் சாப்பாடு அனுப்பட்டுமா? ரேட் பாத்துப் போட்டுக்கலாம்!"

டிரைவர் முகத்தில் ஒரு சுருக்கம்கூட விழவில்லை. ரெண்டு பேரையும் சுற்றிக்கொண்டு நேராக மெஷினுக்கு வந்து பையை வைத்தார். உள்ளே அந்தக் கறுப்பு பேன்ட்.

"தப்பு என்னோடதுண்ணே" என்று அவள் முணுமுணுத்தாள். "ஐயாகிட்ட சொல்லிடுங்க."

"அவருக்குத் தெரியாதா? மேடையில நாலு எட்டு வச்சதுமே தெரிஞ்சுபோச்சு."

"அப்புறம் ஏன் வாயைத் திறக்கலை? ஊரே ஏசுதே!"

டிரைவர் குனிந்து, பையைச் சரி செய்கிற மாதிரி பாவனை பண்ணினார். "கோட்டைச் சுட்ட பொண்ணை வெளிய அனுப்பினப்போ நான் இதே வாசல்லதான் நின்னேன். அன்னிக்கே ஐயாகிட்ட சொன்னேன்."

காஜா அக்கா பேன்ட்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"ஐயா ரெண்டே விஷயம் சொல்லச் சொன்னாரும்மா. இதை ரெண்டு இஞ்சு பிடிக்கணுமாம். ஏன்னு உங்க கடைக்காரர் கேட்டா, 'ஐயா இளைச்சுட்டார்'னு சொல்லிடணுமாம்."