சிரிக்காத நாற்காலி

"அந்த மாமாவுக்கு மட்டும் ஏன் சிரிப்பே வரலை?" முன்வரிசையில் இருந்த ஒரு சிறுமி ஒருமுறை கேட்டாள்.

"வரக் கூடாது பாப்பா. அவன் சிரிச்சா அன்னைக்கோட எங்க ஆட்டம் முடிஞ்சிடும்" என்றார், ஓயாத பேச்சால் ரேடியோ என்று பெயர் வாங்கியவர். கூடமே சிரித்தது. எதிர் நாற்காலியில் இருந்த, அசையாத முகத்தால் கல்லு என்று பெயர் வாங்கிய அவருடைய நண்பர் மட்டும் சிரிக்கவில்லை.

இருபத்திரண்டு வருடமாக அதுதான் அவர்களுடைய கலை. ஓவியக் கண்காட்சிகளின் நடுவே எதிரெதிராக இரண்டு நாற்காலிகள். ஒருவர் சிரிக்க வைக்கப் பார்ப்பார், மற்றவர் சிரிக்க மாட்டார். பார்க்க வந்தவர்கள் வயிறு வலிக்கச் சிரித்துவிட்டு, போகும்போது ஏனோ பேசாமல் போவார்கள்.

இப்போது ரேடியோ ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருந்தார். கல்லு பக்கத்தில் ஸ்டூலில்.

"கையில நரம்பு தேடுறாங்கடா, தேடுறாங்க, தேடிக்கிட்டே இருக்காங்க. இந்நேரத்துக்கு வாடகைக்கு ஒரு வீடே கிடைச்சிருக்கும்."

ஊசியோடு நின்ற நர்ஸ் சிரித்துவிட்டாள். கல்லுவின் முகம் அசையவில்லை.

ரேடியோவின் மனைவி கல்லுவை வராந்தாவுக்கு அழைத்தாள். "டாக்டர் சொன்னதைக் கேட்டீங்கல்ல அண்ணே? அவருக்குத் தெரியாது. சீக்கிரம் வீட்டுக்குப் போயிடலாம்னு சொல்லி வச்சிருக்கேன்."

கல்லு தலையசைத்தார்.

"உங்களைச் சிரிக்க வைக்க எத்தனை வருஷமாத் தொண்டைத் தண்ணி வத்தப் பேசுறாரு. ஒரே ஒரு தடவை சிரிச்சிடுங்கண்ணே. உங்களுக்கு நெஞ்சும் கல்லா?"

உள்ளுக்குள் அவர் சிரிக்காத நாள் ஏது? பல்லைக் கடித்து அடக்கிய சிரிப்பெல்லாம் நண்பனுக்குச் சேரவேண்டிய கடன் என்றே அவருக்குத் தோன்றியது. கடவுளை நினைத்துக்கொண்டு, தனியாக உள்ளே போய்க் கதவைச் சாத்தினார்.

நர்ஸ் போயிருந்தாள். ரேடியோ தட்டையாகிக் கிடந்த தலையணையைத் தட்டிக் காட்டினார். "இதைப் பாருடா. என்னைவிட இதோட நிலைமைதான் மோசம்."

கல்லு சிரித்தார். முதலில் உதட்டோரம் கொஞ்சம். பிறகு தோள் குலுங்க, கண்ணில் நீர் வழிய, நிறுத்த முடியாமல் சிரித்தார்.

ரேடியோவின் முகம் மலர்ந்தது. அப்படியே மெல்ல அடங்கியது. ஊசி குத்திய கையை நீட்டி, நண்பனின் கன்னத்தைத் துடைத்துவிட்டார்.

"எனக்கு இன்னும் எத்தனை நாள்னு சொல்லியிருக்காங்கடா?"