கதவுக்குத் தெரிந்த முகங்கள்

ஜிம்முக்குப் புது சாஃப்ட்வேர் போட்டதிலிருந்து முதலாளிக்குக் கால் தரையில் பாவவில்லை. இனி சாவியும் வேண்டாம், கார்டும் வேண்டாம். முகத்தைப் பார்த்துக் கதவே திறந்துவிடும்.

"எல்லாருக்கும் ஜிம்முல சேர்ந்தப்போ எடுத்த போட்டோவையா ஏத்தினீங்க?" என்றாள் வரவேற்பில் உட்காரும் மனைவி. "வருஷக்கணக்கா நம்மகிட்ட உடம்பைக் குறைக்கறவங்க. ஆளே மாறியிருப்பாங்களே, மெஷினுக்கு அடையாளம் தெரியுமா?"

"அது உன்னை மாதிரி இல்ல, அறிவுள்ள மெஷின். பேசாம வேடிக்கை பாரு."

மறுநாள் காலை வாசலிலேயே நின்று கண்குளிரப் பார்த்தார். துணிக்கடைக்காரர் தொப்பையைச் சுமந்துகொண்டு வந்தார்; கதவு திறந்தது. பேங்க் மேனேஜர் இரட்டைத் தாடையோடு வந்தார், திறந்தது. ஒருத்தரையும் மெஷின் தடுக்கவில்லை.

"பார்த்தியா? யார்கிட்டயாவது தகராறு பண்ணுச்சா?" என்று கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்றே மார்தட்டிவிட்டு, தானும் முகத்தைக் காட்டினார்.

"மன்னிக்கவும். உங்களை அடையாளம் தெரியவில்லை" என்றது கதவு. மறுபடி காட்டினார். மறுபடியும் அதே மரியாதை.

"உங்களுக்கு எந்தப் போட்டோ ஏத்தினீங்க?" என்றாள் மனைவி உள்ளேயிருந்து.

"ஆணழகன் பட்டம் வாங்கினப்போ எடுத்தது."

மனைவி அவரை மேலிருந்து வயிறு வரை ஒரு பார்வை பார்த்தாள்.

"மெஷின் மேல தப்பே இல்லீங்க. நம்ம ஜிம்முல ஆள் மாறினது நீங்க ஒருத்தர்தான்."