செல்வின் எடுத்த பிரிண்ட்

கல்யாணத்துக்கு முந்தின வாரம் மாப்பிள்ளை செல்வின் ஒரு பென்டிரைவைக் கொண்டுவந்து எமில்டாவிடம் நீட்டினான். "புதுப்படம். தியேட்டர்ல நானே உக்காந்து எடுத்தது. ஒங்கப்பா பாக்கட்டும்."

உள்ளே இருந்தது, டிவிடியாக எழுதுவதற்கென்றே தயார்செய்த ஒற்றை இமேஜ் கோப்பு. அதை வெற்று வட்டில் வெறுமனே இழுத்துப் போட்டால் அப்பாவின் டிவிடி பிளேயருக்குப் புரியாது. வட்டின் நடுவிலிருந்து விளிம்பை நோக்கிச் சுருள் சுருளாக லேசரால் சுட்டு எழுத வேண்டும். எமில்டாவுக்கு அந்த வேலை பிடிக்கும். எழுதி முடித்து, சரியாக ஓடுகிறதா என்று பார்க்கக் கூடத்து டிவியில் போட்டாள்.

படத்தில் வில்லன் ஒரு பெண்ணை அறைக்குள் தள்ளித் தாழிட்டான். தியேட்டரே மூச்சடங்கிக் கிடந்தது. கேமராவைப் பிடித்திருப்பவனின் முகம் படத்தில் விழாது. ஆனால் அவன் வாய்தான் மைக்குக்கு மிக அருகில் இருக்கும். எச்சில் விழுங்கும் சத்தம் கேட்டது. பிறகு ஒரு கிளுகிளுத்த சிரிப்பு. "விடாத மச்சான்... அவுத்துடு, அவுத்துடு." முந்தாநாள் போனில் அவளுக்கு முத்தம் கொடுத்த அதே குரல். எமில்டா காதைத் தேய்த்துத் துடைத்துக்கொண்டாள்.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த செல்வின் ரிமோட்டுக்குக் கை நீட்டினான். "ஓட்டிவிடு எமி. வில்லன் சீனுன்னா அப்படித்தான இருக்கும்."

"வில்லன் வாய மூடிக்கிட்டுதான இருக்கான்," என்றாள்.

காட்சியைப் பின்னால் ஓட்டி, சத்தத்தை முழுக்கக் கூட்டினாள். வாசலில் பந்தல்காரரோடு பேசிக்கொண்டிருந்த அப்பாவைக் கூப்பிட்டாள்.