நிறுத்திவைத்த படம்

தேசிய விருது வாங்கிய படம் அது. கல்யாணமான புதிதில் ஞானராஜும் லில்லியும் தியேட்டரில் சேர்ந்து பார்த்த முதல் படமும் அதுதான். வெளியே வரும்போது கூட்டமே கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தது. அப்படியொரு படத்தைப் பிடிக்கவில்லை என்று சொல்ல யாருக்குத் துணிச்சல் வரும்? "நல்லா இருந்துச்சுல்லா?" என்று அவர் கேட்டார். "ரொம்ப" என்றாள் அவள். அதிலிருந்து ஒவ்வொரு கல்யாண நாளிலும் வீட்டில் அந்தப் படம் ஓடும். கதாநாயகன் ஆற்றங்கரையில் பேசாமல் உட்கார்ந்தே இருக்கும் நீண்ட காட்சி வந்ததும் லில்லி காபி போட எழுந்துவிடுவாள். "படம் பாட்டுக்கு ஓடட்டும்" என்பாள். அவள் எதையும் தவறவிடக்கூடாதென்று ஞானராஜ் படத்தை நிறுத்திவைத்துக் காத்திருப்பார்.

லில்லி இல்லாத முதல் கல்யாண நாள் இது. ஆற்றங்கரை வந்ததும் அவர் விரல் தானாக ரிமோட்டை அழுத்தியது. படம் நின்றது. பக்கத்திலிருந்த மகள் ஜெனிட்டா உடைந்து அழுதாள்.

"எப்பா, அம்மைக்கு இந்தப் படமே பிடிக்காது. ஒங்களுக்குப் பிடிச்ச படம்னுதான் உக்காந்திருந்தா. இந்த இடத்துக்குப் பயந்துதான் அடுக்களைக்கு ஓடுவா. நீங்க நிப்பாட்டி வச்சிருவீய."

ஞானராஜ் ரிமோட்டை மடியில் வைத்துக்கொண்டார்.

"எனக்கும் பிடிக்காது ஜெனி. அவளுக்காகத்தான் பாத்தேன்."

ஜெனிட்டா டிவியை அணைக்க ரிமோட்டைக் கேட்டாள். அவர் கொடுக்கவில்லை.

"நிக்கட்டும்" என்றார், அடுக்களைப் பக்கம் பார்த்தபடி. "அவ வரட்டும்."