இலைக்கு அடியில்

கொம்பன் என்ற கிழட்டுக் கிடாவுக்குக் கண் மஞ்சளித்துவிட்டது. கீழாநெல்லி தின்றால்தான் பிழைக்கும். ஆனால் மேய்ச்சல் காட்டில் எல்லாச் செடியும் ஒரே மாதிரி பொடி இலையோடு நின்றன. அடையாளம் தெரிந்தது ஒரு கவுதாரிக்கு மட்டும்தான். அந்தக் கவுதாரியோடு கொம்பனுக்குப் பேச்சுவார்த்தை கிடையாது. போன மழைக்காலத்தில் அது முகத்துக்கு நேரே படபடத்துப் பறக்க, மந்தையே பார்க்கக் கொம்பன் மல்லாந்து விழுந்திருந்தது.

"நின்றுகொண்டு பார்த்தால் தெரியாது, மாமா," என்று கவுதாரியே வாயைத் திறந்தது. "மண்டி போட்டு இலைக்கு அடியில் பாருங்கள். கடுகு கோத்த மாதிரி காய் இருக்கும்."

"உன் முன்னால் மண்டி போடவா?"

"எனக்கென்ன, கண் உங்களுடையது."

முனகிக்கொண்டே கொம்பன் மண்டி போட்டது. ஒரு செடியின் இலைக்கடியில் பச்சை மணிகள் வரிசையாகத் தொங்கின. ஆசையாகக் கடித்தபோது, புல்லுக்குள் ஒரு சின்னக் குழியில் முட்டைகள் தெரிந்தன.

"அன்றைக்கும் முட்டை இருந்ததா?"

"உங்கள் குளம்புக்கு நேர் கீழே."

"சொல்லித் தொலைத்திருக்கலாமே."

"நீங்கள்தான் முகத்தைத் திருப்பிக்கொண்டீர்களே, மாமா."

கொம்பன் வந்த தடத்திலேயே மெல்லக் காலெடுத்து வைத்துத் திரும்பியது. பின்னால் வந்த மந்தையைக் கொம்பை ஆட்டி மிரட்டி வேறு பக்கம் ஓட்டிக்கொண்டு போனது.