நுனியும் உள்ளே

என்ஜின் தண்டின் முனையிலிருந்த கிராங்க் போல்ட்டை இறுக்க முறுக்கினால் என்ஜினும் கூடவே சுற்றியது. அதனால் மெக்கானிக் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, அந்த ஓட்டை வழியாக சிலிண்டருக்குள் நைலான் கயிற்றைத் திணித்தார். மேலேறி வந்த பிஸ்டன் கயிற்றில் முட்டி நிற்க, என்ஜின் சுற்றுவதும் நின்றது.

"நசுக்குறீங்களே அண்ணே," என்றது கயிறு.

"போல்ட் இறுகட்டும், உன்னை உருவிருவாங்க," என்றது பிஸ்டன். " நுனி வெளியேதானே இருக்கு?"

"இல்லையே. முழுசா வந்தாத்தான் நல்லா தாங்கலாம்னு அதையும் உள்ளே இழுத்துக்கிட்டேன்."

போல்ட் இறுகியது. நுனி கண்ணில் படாததால் கயிற்றின் நினைப்பே இல்லாமல் மெக்கானிக் பிளக்கைத் திரும்ப மாட்டினார். உள்ளே இருட்டிவிட்டது.

"அண்ணே, நீங்க மெதுவாத்தானே வருவீங்க?"

"நானா எங்க தம்பி வர்றேன்? தள்ளுறாங்க, வர்றேன்."

வெளியே சாவி திரும்பும் சத்தம் கேட்டது. கயிறு தன்னை இன்னும் கொஞ்சம் சுருட்டிக்கொண்டது.