கிளம்பாத வண்டி

“அந்த ஃபேன் சுவிட்சை உட்டுருங்க சடையண்ணா. ஃபேனே இல்ல, அதைப் போயி நோண்டி என்ன பண்றது?” என்றான் தீனதயாளன்.

சடையன் கையை எடுத்துக்கொண்டார். பழைய அம்பாசடரின் டேஷ்போர்டு நடுவில் சுவிட்சுகள் வரிசையாக இருந்தன. ஹெட்லைட், வைப்பர் எல்லாம் தூசி படிந்து மங்கிக் கிடந்தன. ஓரத்தில் இருந்த ஃபேன் சுவிட்ச் மட்டும் விரல் பட்டுத் தேய்ந்து பளபளத்தது. அதற்கு மேலே, ஃபேனைக் கழற்றிய இடத்தில் இரண்டு திருகு ஓட்டைகள்.

வண்டியைத் திருச்செங்கோட்டில் சடையனின் பட்டறைக்குக் கயிறு கட்டி இழுத்து வந்திருந்தார்கள். அதை ஓட்டிக்கொண்டிருந்த பெரியசாமி இறந்து இரண்டு மாதம் ஆகிறது. மகன் தீனதயாளன் கதவைப் பிடித்து நின்றான். மகள் தமிழினி தள்ளிப்போய்ப் பழைய டயர் மேல் உட்கார்ந்திருந்தாள். காரியம் முடிந்த நாளிலிருந்து அவள் அண்ணனிடம் பேசுவதில்லை.

“என்ன கோளாறுன்னு என்ற முன்னாலயே சொல்லுங்கண்ணா,” என்றாள் சடையனிடம். “கெட்ட வண்டிதான்னு நீங்க சொன்னீங்கன்னா, மறுபடி அவரு ஊட்டுப் படி மிதிக்கறேன். நல்ல வண்டின்னு சொன்னா, எனக்கு அண்ணன்னு யாருமில்லீங்க.”

“சாவியத் திருப்புனேன். டிக்குன்னு ஒரு சத்தங்கூட இல்ல. எத்தன தடவ சொல்றது?” என்றான் தீனதயாளன்.

“காலைல அப்பா மல்லசமுத்திரம் போயிட்டு வந்த வண்டி. மத்தியானம் அவரு நெஞ்சப் புடிச்சதும் டக்குனு கெட்டுப்போச்சாக்கும்! காடு தோட்டத்தைப் பிரிச்சுக் குடுன்னு முந்தின நாள் சண்டை போட்டது யாருன்னு கேளுங்கண்ணா.”

“காட்டுக்காவ அப்பனைக் கொல்லுவனா புள்ளே?”

அவள் தரையைப் பார்த்தாள்.

“ரெண்டு பேரும் செத்த சும்மா இருங்க சாமி. வயரு என்ன சொல்லுதுன்னு பாக்கலாம்,” என்றார் சடையன்.

தன்னிடமிருந்த பேட்டரியை மாட்டினார். சாவி சுவிட்சைக் கழற்றி, உப்புத்தாளில் தேய்த்து மறுபடி பொருத்தினார். சாவியைத் திருப்பினார். சத்தமே இல்லை.

தீனதயாளன் முகம் தெளிந்தது. தமிழினி எழுந்து வண்டி அருகில் வந்தாள். அவள் குரல் இறங்கியிருந்தது.

“அன்னைக்கும் இப்படித்தான் இருந்திருக்குமுங்களாண்ணா? அப்பாவ முன் சீட்டுல சாய்ச்சு வெச்சு, நான் பின்னாலிருந்து புடிச்சுட்டு இருந்தனுங்க. அவருக்கு வாய் பேச வரல. கையை மட்டும் நீட்டி நீட்டி இந்த ஃபேன் சுவிட்சைப் போடப் பாத்தாரு. அதைக் கழட்டி எத்தனையோ வருசமாச்சு, அந்த நெனப்புக்கூட இல்ல பாவம்.”

“அப்பறம்?” என்றார் சடையன்.

“நாந்தான் கையை இழுத்து அவரு நெஞ்சோட அமுத்திப் புடிச்சுட்டேன். உடவே மாட்டேன்னுட்டாரு, திமிறித் திமிறி நீட்டுனாரு. முந்தானைல விசிறி உட்டேன். பக்கத்துத் தோட்டத்து வேன் வர்றதுக்குள்ள அடங்கிட்டாரு.”

சடையன் உப்புத்தாளைக் கீழே வைத்தார்.

“அப்பா முன்னெல்லாம் என்ன வேலை பண்ணீட்டு இருந்தாருங்க?”

“போர் போடற ரிக்கு லாரி டிரைவருங்க. பாதி ஆயுசு வடக்கதான்.”

சடையன் மல்லாந்து படுத்து டேஷ்போர்டுக்கு அடியில் தலையை நுழைத்தார். ஃபேன் சுவிட்சின் வயரை விரலால் தொட்டுக்கொண்டே போனார். அது ஃபேன் இருந்த பக்கம் ஏறவில்லை. கீழே இறங்கிச் சாவிப் பக்கம் போய் முடிந்தது.

அவர் எழுந்தார். யோசிக்காமல் அந்தச் சுவிட்சைத் தள்ளிச் சாவியைத் திருப்பினார். முதல் திருப்பிலேயே என்ஜின் ஓடியது. முதலில் யோசித்திருக்க வேண்டும் என்று அதன் பிறகுதான் அவருக்குப் பட்டது.

இரண்டு மாதத்தில் முதல் முறையாகத் தமிழினி அண்ணனை நேராகப் பார்த்துப் பேசினாள்.

“நல்ல வண்டி. கொன்னுபோட்டீங்க.”

தீனதயாளன் கதவைப் பிடித்தபடி அப்படியே குந்திவிட்டான். அவள் டயர் மேல் கிடந்த பையை எடுத்துக்கொண்டு ரோட்டைப் பார்த்து நடந்தாள்.

“நில்லுங்க அம்மிணி,” என்றார் சடையன். “உங்க அண்ணன் மேல தப்பு இல்லீங்க. ரிக்கு ஓட்டுனவங்க திருட்டுப் பயத்துக்கு மறைவா ஒரு சுவிட்ச் வெச்சுக்குவாங்க. அதைப் போட்டாத்தான் சாவிக்குக் கரண்டு வரும். பெத்த புள்ளைக்குக்கூடச் சொல்ல மாட்டாங்க.”

அவள் திரும்பினாள். “எந்தச் சுவிட்ச்?”

சடையன் என்ஜினை நிறுத்தினார். அவள் முகத்தைப் பார்க்க முடியாமல், பையைப் பிடித்திருந்த அவள் கையைப் பார்த்தார்.

“அப்பா ஃபேன் கேக்கலீங்க, அம்மிணி.”